எத்தனை தடவை?

(பண்டாரவளைப் பகுதித் தோட்டமொன்றில், மாலை நேர வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்தபோது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக நாங்கள் இந்த இடத்தில் நின்று பேசினால் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைக்கிறது, புள்ளமடுவத்துப் பிள்ளைகளின் நிறை, லயத்துக்குப் பின்னால் தேங்கி நிற்கும் கான், இப்படித்தான் பேச்சுப் போகும். இன்றைக்குக் கணக்குப் பாடம். சிரிக்க வேண்டாம். மாலை வகுப்பு ஆசிரியர்தான் எங்களைக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளின் மாதிரி வினாத்தாளைத் திருத்தினால் ஒரே ஒரு கணக்கு மட்டும் பாதிப் பேருடைய தாளில் வெறுமையாகக் கிடக்கிறதாம். எக்ஸ் என்ற எழுத்து கீழே நிற்காமல், இன்னொரு எண்ணின் தலைக்கு மேல் சின்னதாக ஏறி உட்கார்ந்திருக்கும் கணக்கு. ஒரு பையன் சொன்னான்: "எக்ஸ் கீழ நின்னா புடிச்சிருவோம் சேர். மேல ஏறிட்டா புடிக்க ஏலாது."

நாங்கள் கணித ஆசிரியர் இல்லை. பதினோராம் வகுப்போடு நின்று உத்தியோகத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் இந்த ஒரு கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். பாடப் புத்தகத்தில் படித்ததால் மட்டும் அல்ல. லயங்களில் கடன் கொப்பிகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால்தான் பெற்றோரையும் கூப்பிடச் சொன்னோம். முதல் பாதி பிள்ளைகளுக்கு, பின்பாதி உங்களுக்கு. ஆனால் முதல் பாதி விளங்காமல் பின்பாதி விளங்காது, ஆகையால் யாரும் இடையில் எழும்பிப் போக வேண்டாம்.

முதலில் கூட்டலையும் பெருக்கலையும் பிரித்துப் பார்ப்போம். ஐந்து நாள் பேர் விழுந்தால் ஐந்து நாள் சம்பளம். அது கூட்டல். 2 ஐ ஐந்து தரம் கூட்டினால் 2+2+2+2+2, அதாவது 2×5, விடை 10. இதே 2 ஐ ஐந்து தரம் பெருக்கினால் 2×2×2×2×2, விடை 32. இதைத்தான் சுருக்கி 2⁵ என்று எழுதுகிறோம். கீழே நிற்கும் 2 க்கு அடி என்று பேர். மேலே சின்னதாக இருக்கும் 5 க்குச் சுட்டி என்று பேர். 2 இன் 5 ஆம் வலு 32 என்று வாசிக்க வேண்டும். 2⁵ என்றால் 10 என்று எழுதுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுகிறார்கள். இந்த ஒரு பிழையில் இருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது.

இப்போது இந்தப் பழைய பத்திரிகைத் தாளைப் பாருங்கள். மடிக்கவில்லை, ஒரு அடுக்கு. ஒரு தரம் மடித்தால் இரண்டு அடுக்கு. இன்னொரு தரம், நாலு. இன்னொரு தரம், எட்டு. கவனியுங்கள், ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டிரண்டாகக் கூடவில்லை, இருந்தது அப்படியே இரட்டிக்கிறது. பதினாறு, முப்பத்திரண்டு. இதற்கு மேல் மடிக்கக் கை வலிக்கிறது. பெரிய தாளாக இருந்தாலும் ஆறு ஏழு மடிப்போடு தாள் கட்டைபோல ஆகிவிடும்.

இந்தத் தாளை வைத்து மூன்று விதமாகக் கேள்வி கேட்கலாம். ஐந்து தரம் மடித்தால் எத்தனை அடுக்கு என்று கேட்டால், அது 2⁵ எவ்வளவு என்ற கேள்வி. பெருக்கினால் வந்துவிடும். ஐந்து தரம் பெருக்கி 32 வருகிற எண் எது என்று கேட்டால், அது அடியைத் தேடும் கேள்வி. 32 அடுக்கு வர எத்தனை தரம் மடிக்க வேண்டும் என்று கேட்டால், அதுதான் நம்முடைய கேள்வி. 2 இன் எக்ஸ் ஆம் வலு = 32. எக்ஸ் என்ன? பயமுறுத்துகிற எழுத்தை எடுத்துவிட்டால் அது கேட்பதெல்லாம் ‘எத்தனை தடவை?’ என்று மட்டும்தான்.

(அச்சில் எக்ஸை மேலே சின்னதாக ஏற்றுவது சிரமம். அதனால் இந்தத் தாளில் ‘எக்ஸ் ஆம் வலு’ என்று எழுத்தாகவே போட்டிருக்கிறோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதும்போது எக்ஸ் மேலேதான் இருக்க வேண்டும், அடியைவிடச் சின்னதாகவும் இருக்க வேண்டும். அடிக்குச் சமமாக எழுதினால் திருத்துகிறவர் பெருக்கல் என்று எடுத்துக்கொள்வார்.)

எப்படிக் கண்டுபிடிப்பது? மடித்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். 32 ஐ 2 ஆல் பிரித்தால் 16. பிறகு 8, 4, 2, 1. ஒன்று வரும் வரைக்கும் எத்தனை தரம் பிரித்தோம்? ஐந்து. ஆக எக்ஸ் = 5. இங்கே பலர் ஒரே தரம் பிரித்துவிட்டு எக்ஸ் = 16 என்று எழுதிவிடுகிறார்கள். 16 சரியா என்று அவர்களையே பார்க்கச் சொன்னோம். 2 இன் 16 ஆம் வலு 65,536. முப்பத்திரண்டு கேட்ட இடத்தில் அறுபத்தையாயிரம் கொடுப்பதா? விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்தப் பிழை தாளில் தங்காது.

கரும்பலகையில் எழுதும்போது இப்படி எழுத வேண்டும். 2 இன் எக்ஸ் ஆம் வலு = 32. 32 ஐ 2⁵ என்று மாற்றி எழுது. இப்போது இரண்டு பக்கமும் அடி 2. அடி சமம் என்றால் சுட்டியும் சமம். எக்ஸ் = 5. நாலே வரி. இதே வழியில் 3 இன் எக்ஸ் ஆம் வலு = 81 என்றால், 81, 27, 9, 3, 1, நாலு தரம், எக்ஸ் = 4. 5 இன் எக்ஸ் ஆம் வலு = 625 என்றால் அதுவும் 4. இதற்காக 2 இன் வலுக்களை 1,024 வரைக்கும், 3 இன் வலுக்களை 729 வரைக்கும், 5 இன் வலுக்களை 625 வரைக்கும் மனப்பாடம் செய்துவிட வேண்டும். வாய்ப்பாட்டைப் போலத்தான். மலைக்கு நடக்கிற வழியில் சொல்லிக்கொண்டு போனாலே ஒரு கிழமையில் வந்துவிடும்.

1,024 என்றதும் ஒரு சங்கதி. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் கூட்டம் போட்டோம், கொடி பிடித்தோம் என்று உங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. முதல் நாள் ஒரே ஒரு ரூபா போதும், ஒவ்வொரு நாளும் முந்திய நாளைப்போல இரண்டு மடங்கு தாருங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்தாம் நாள் 512 ரூபா. பதினோராம் நாள் 1,024. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று கேட்டு ராஜாவைத் திணறவைத்த கதையை நம்முடைய அப்பாயிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் 64 கட்டத்துக்கும் சேர்த்து வேண்டிய அரிசி 20 இலக்கத்தில் எழுதுகிற ஒரு எண். எந்த ராஜாவின் களஞ்சியத்திலும் அவ்வளவு இல்லை. தொடங்கும்போது சில்லறையாக இருக்கும், அதை நம்பித்தான் ஆள் கவிழ்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இங்கே வருவோம்.

பரீட்சையில் இவ்வளவு நேரடியாகக் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். 4 இன் எக்ஸ் ஆம் வலு = 32 என்று கொடுப்பார்கள். 32 ஐ 4 ஆல் பிரித்தால் 8, பிறகு 2, அதோடு நின்றுவிடும், ஒன்றுக்கு வராது. பிள்ளைகள் பேனையை வைத்துவிடுகிறார்கள். 4 உம் 2 இன் பிள்ளைதான், 32 உம் 2 இன் பிள்ளைதான். இரண்டையும் 2 க்குக் கொண்டு வா. 4 என்பது 2². ஆகவே இடது பக்கம் 2 இன் 2எக்ஸ் ஆம் வலு. வலது பக்கம் 2⁵. அடி சமம், ஆகவே 2எக்ஸ் = 5, எக்ஸ் = இரண்டரை.

இரண்டரை தடவை எப்படிப் பெருக்குவது என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி, கேட்டதற்குச் சந்தோஷம். 4 ஐ இரண்டு தரம் பெருக்கினால் 16. மீதி அரைத் தடவை. அரைத் தடவை என்றால், அதையே இன்னொரு முறை செய்தால் ஒரு முழுத் தடவை ஆக வேண்டும். எந்த எண்ணை இரண்டு முறை பெருக்கினால் 4 வரும்? 2. அதாவது 4 இன் வர்க்கமூலம். 16 ஐ 2 ஆல் பெருக்கினால் 32. சரியாக வந்துவிட்டது. சுட்டியில் அரை என்றால் வர்க்கமூலம், இவ்வளவுதான் விஷயம். இதே மாதிரி 9 இன் எக்ஸ் ஆம் வலு = 27 என்றால் இரண்டையும் 3 க்குக் கொண்டுவந்து 2எக்ஸ் = 3, எக்ஸ் = ஒன்றரை. 9 ஐ 9 இன் வர்க்கமூலமாகிய 3 ஆல் பெருக்கிப் பாருங்கள், 27 வரும்.

இன்னொன்று, 2 இன் எக்ஸ் ஆம் வலு = எட்டில் ஒன்று. பெருக்கிக்கொண்டே போனால் எண் பெரிசாகத்தானே ஆகும், எப்படிச் சின்னதாகும் என்று திகைக்கிறார்கள். நம்முடைய மேல் லயத்துக்குப் போகிற படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் பாதியாகும்: 8, 4, 2, 1. ஒன்றோடு படி முடியவில்லை. இன்னும் இறங்கினால் அரை, கால், அரைக்கால். 8 இருந்தது மூன்றாம் படி. 1 இருந்தது பூச்சியமாம் படி. அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, தரைக்குக் கீழே மூன்றாம் படி. எக்ஸ் = மறை 3. இதிலேயே 7 இன் எக்ஸ் ஆம் வலு = 1 என்பதற்கும் விடை இருக்கிறது. ஒரு படியும் ஏறவில்லை, எக்ஸ் = 0. அதற்கு ஏழில் ஒன்று என்று எழுதுவதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

3 இன் (2எக்ஸ் − 1) ஆம் வலு = 27 போன்றவை பார்க்கத்தான் பயங்கரம். 27 ஐ 3³ ஆக்கினால் அடிகளை விட்டுவிடலாம். 2எக்ஸ் − 1 = 3, எக்ஸ் = 2. இது எட்டாம் வகுப்புச் சமன்பாடு. ஒரு விஷயம் மட்டும் கவனம். அடி 1 ஆக இருந்தால் இந்த விதி செல்லாது. ஒன்றை ஐந்து தரம் பெருக்கினாலும் ஒன்பது தரம் பெருக்கினாலும் ஒன்றுதான், அதனால் சுட்டிகள் சமம் என்று சொல்ல ஏலாது.

கடைசியாக, 3 × 2 இன் எக்ஸ் ஆம் வலு = 48. இங்கே 3 ஐயும் 2 ஐயும் பெருக்கி 6 இன் எக்ஸ் ஆம் வலு என்று எழுதக் கூடாது. எக்ஸ் 2 இன் தலையில்தான் இருக்கிறது, 3 இன் தலையில் இல்லை. முதலில் 3 ஐ அந்தப் பக்கம் அனுப்பு. 48 ஐ 3 ஆல் பிரித்தால் 16. 2 இன் எக்ஸ் ஆம் வலு = 16, எக்ஸ் = 4. பெரியவர்களே, இந்த உருவத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு தொகை, பிறகு தடவைக்குத் தடவை பெருகுகிற ஒரு எண், முடிவில் இன்னொரு தொகை. கடன் கணக்கின் உருவமும் இதுதான்.

அதற்கு முன் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். 2 இன் எக்ஸ் ஆம் வலு = 10 என்று கேட்டால்? 2³ என்பது 8, 2⁴ என்பது 16. 10 இரண்டுக்கும் நடுவில். 10 ஐ 2 இன் வலுவாக நேரே எழுத வராது. எக்ஸ் மூன்றுக்கு மேல், நாலுக்குக் கீழ் என்று மட்டும் தெரியும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் மடக்கை அட்டவணை.

மடக்கையைக் கண்டுபிடித்தவர் ஜோன் நேப்பியர். ஸ்கொட்லாந்துக்காரர். 1614 இல் தன்னுடைய புத்தகத்தை வெளியிட்டார். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் இருந்து ஹென்றி பிரிக்ஸ் என்ற பேராசிரியர் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்து, 10 ஐ அடியாக வைத்தால் இன்னும் லேசாக இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1617 இல் பிரிக்ஸ் அப்படி ஒரு அட்டவணையை அச்சிட்டார். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் அட்டவணை அந்த வழியில் வந்ததுதான். ஸ்கொட்லாந்து என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னவை வாங்கிய லிப்டனும் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த நாட்டில் இருந்து நமக்கு வந்ததில் பாரம் தூக்க வைக்காத ஒரே சாமான் இந்த மடக்கைதான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அட்டவணை என்ன சொல்கிறது? ஒவ்வொரு எண்ணும் 10 இன் எத்தனையாம் வலு என்று சொல்கிறது. 2 இன் மடக்கை 0.3010 என்றால், 10 ஐ 0.3010 ‘தடவை’ பெருக்கினால் 2 வரும் என்று அர்த்தம். அரைத் தடவையைப் பார்த்தோமே, அதைப்போல இது கால் தடவைக்குக் கொஞ்சம் கூட. எல்லா எண்ணையும் 10 என்ற ஒரே அடிக்குக் கொண்டு வந்துவிட்டால், அடி சமம் ஆகிவிடும். 2 இன் எக்ஸ் ஆம் வலு = 10 என்பது 0.3010 × எக்ஸ் = 1 ஆகிவிடுகிறது. 1 ஐ 0.3010 ஆல் பிரித்தால் எக்ஸ் 3.32 அளவில். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஓ.எல். மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது, அட்டவணைதான் தருவார்கள். அதனால் அதைப் புரட்டிப் பழகியிருக்க வேண்டும். இப்படி மடக்கையால் சுட்டியைக் கண்டுபிடிக்கிற கணக்கு ஒரு வருஷம் பரீட்சையில் வராமலும் போகலாம். வீட்டுக்கு வராமல் போகாது.

இப்போது பெற்றோர் பக்கம் வருகிறோம்.

‘பத்து வட்டி’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். நூறு ரூபாவுக்கு மாதம் பத்து ரூபா. 10,000 ரூபா எடுத்தால் மாதம் 1,000. மாசா மாசம் அந்த ஆயிரத்தைக் கட்டிவிட்டால் முதல் அப்படியே நிற்கும். வட்டி மட்டும் 10,000 ஆகப் பத்து மாதம் வேணும். அதனால் நம்முடைய ஆட்கள், கட்டாமல் விட்டாலும் கடன் இரட்டிக்கப் பத்து மாதம் ஆகும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் கவிழ்கிறோம். கட்டாத வட்டியை முதலோடு சேர்த்துவிடுகிற இடங்களில் வட்டி குட்டி போடும். முதல் மாதம் 11,000. இரண்டாம் மாதம் வட்டி 1,000 இல்லை, 1,100. கடன் 12,100. மூன்றாம் மாதம் 13,310. ஒவ்வொரு மாதமும் முந்திய தொகை, அதோடு அதில் பத்தில் ஒன்று. அதாவது 1.1 ஆல் பெருக்குகிறோம். பத்திரிகைத் தாள் 2 ஆல் பெருகியது, கடன் 1.1 ஆல் பெருகுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எத்தனை மாதத்தில் இரட்டிக்கும்? 10,000 × 1.1 இன் எக்ஸ் ஆம் வலு = 20,000. முன்னால் இருக்கும் 10,000 ஐ அந்தப் பக்கம் அனுப்பினால் 1.1 இன் எக்ஸ் ஆம் வலு = 2. அட்டவணையில் 1.1 இன் மடக்கை 0.0414. 2 இன் மடக்கை 0.3010. பிரித்தால் 7.27. பத்து மாதம் இல்லை அம்மாமாரே, ஏழு மாதமும் ஒரு கிழமையும். எட்டாம் மாதம் வட்டி சேரும்போது கடன் 21,436 ரூபா. மூன்று மடங்காக எவ்வளவு காலம்? 3 இன் மடக்கை 0.4771. அதை 0.0414 ஆல் பிரித்தால் 11.5. ஒரு வருஷம் முடிய 31,384 ரூபா. இருபது வட்டி என்றால் நாலாம் மாதமே இரட்டித்துவிடும். இந்தக் கணக்கில் எங்கேயும் 10,000 தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஐயாயிரம் எடுத்தாலும் ஐந்து லட்சம் எடுத்தாலும் இரட்டிக்கும் காலம் ஒன்றுதான். சின்னக் கடன் என்று மனதைத் தேற்றிக்கொள்வதில் பலன் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் ஊர் வேண்டாம். வீட்டில் ஒரு சடங்குக்காக மே மாதச் சம்பள நாளன்று ஒருவரிடம் 10,000 ரூபா எடுத்தார்கள். பத்து வட்டி, கட்டாவிட்டால் முதலோடு சேரும் என்று பேச்சு. வீட்டுக்காரருக்கு வேலையில் கால் முறிந்து பேர் விழாமல் போனதால் ஒரு சதமும் கட்ட முடியவில்லை. ஜனவரிச் சம்பள நாளன்று அவர் கொப்பியோடு வந்து 23,580 ரூபா என்றார். கொப்பியில் கடைசித் தொகை மட்டும்தான் இருந்தது, மாதக் கணக்கு இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை அப்போது பதினோராம் வகுப்பு. அவள் அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் மடக்கை அட்டவணையை எடுத்தாள்.

அவள் செய்தது இதுதான். 23,580 ஐ 10,000 ஆல் பிரித்தால் 2.358. ஆகவே 1.1 இன் எக்ஸ் ஆம் வலு = 2.358. 2.358 இன் மடக்கை 0.3725. அதை 0.0414 ஆல் பிரித்தால் 8.998. ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மே மாதச் சம்பளத்தில் இருந்து ஜனவரிச் சம்பளம் வரைக்கும் விரல் விட்டு எண்ணினால் எட்டு மாதம்தான். ஜூன் ஒன்று, ஜூலை இரண்டு, ஓகஸ்ட் மூன்று, அப்படியே ஜனவரி எட்டு. கடன் கொடுத்தவர் மே மாதத்தையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார். பணம் கைமாறிய அன்றைக்கே ஒரு மாத வட்டி ஏறிவிட்டது. எட்டு மாதத்துக்கு 21,436. வித்தியாசம் 2,144 ரூபா.

வேணுமென்று செய்தாரா, எண்ணுவதில் பிசகியதா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளை கொப்பியைக் காட்டி, "ஐயா, இது ஒம்பது மாசத்துக் கணக்கு. நாங்க எடுத்து எட்டு மாசம்தானே?" என்று கேட்டாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதத்தை விரலில் எண்ணினார். பிறகு 23,580 ஐ அடித்துவிட்டு 21,436 என்று எழுதினார். கடன் தீர்ந்துவிடவில்லை. அந்த 21,436 ஐக் கட்ட அவர்கள் சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்து, ஒரு கன்றையும் விற்றார்கள். ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபா என்பது அன்றைக்கு அந்த வீட்டில் மாவும் சீனியும் பருப்பும். வைத்தியரிடம் போகவில்லை, வக்கீலிடம் போகவில்லை, யூனியனிடமும் போகவில்லை. பிள்ளை போட்டது பரீட்சையில் வெறுமையாக விடுகிற அந்தக் கணக்குத்தான்.

கடன் எடுக்கக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சாவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரிடம் போவது? எடுக்கும்போது, கட்டாத வட்டி முதலோடு சேருமா சேராதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த திகதியை நீங்களும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்து வாங்குங்கள். கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக் கடன் என்றால் வட்டி வருஷத்துக்கா மாதத்துக்கா என்று கேளுங்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்த அளவுக்கு அது முற்றிப் போயிருந்தது.

அட்டவணை கையில் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 72 ஐ வட்டி வீதத்தால் பிரித்தால் இரட்டிக்கும் காலம் ஏறத்தாழ வந்துவிடும். பத்து வட்டிக்கு 72 ஐ 10 ஆல் பிரித்தால் 7.2 மாதம். நாம் மடக்கையில் கண்டது 7.27. இருபது வட்டிக்கு 3.6, மடக்கையில் 3.8. துல்லியம் இல்லைதான், ஆனால் கடை வாசலில் நின்று மனதுக்குள் பிரித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இதே கணக்கு நமக்குச் சாதகமாக ஓடுகிற இடமும் இருக்கிறது. சேமலாப நிதி. 1958 இல் வந்த சட்டம். நம்முடைய சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் 12 வீதம். அதற்கு வருஷா வருஷம் வட்டி சேர்கிறது, அந்த வட்டிக்கும் வட்டி சேர்கிறது. வீதம் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2022 ஆம் ஆண்டுக்கு 9 வீதம் கொடுத்தார்கள். ஒன்பது வீதம் அப்படியே நிற்கும் என்று வைத்துப் பார்த்தால், 1.09 இன் எக்ஸ் ஆம் வலு = 2. 1.09 இன் மடக்கை 0.0374. 0.3010 ஐ அதால் பிரித்தால் எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். இரட்டிக்க அங்கே எட்டு மாதம், இங்கே எட்டு வருஷம். வேகம் வேறு, சமன்பாடு ஒன்று. சாமான் விலையும் இதே போலத்தான் ஏறுகிறது, அதை 2022 இல் கண்டோம். அதனால் இரட்டித்த காசு முழுவதும் லாபம் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு மூன்று கணக்குக் கொடுத்துவிட்டு உட்காருகிறோம். முதலாவது, 5 இன் (எக்ஸ் − 1) ஆம் வலு = 125. இரண்டாவது, 8 இன் எக்ஸ் ஆம் வலு = 16. விடை முழு எண்ணாக வராது, பயப்பட வேண்டாம், 2 க்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது, 15,000 ரூபா கடன், ஐந்து வட்டி, கட்டாத வட்டி முதலோடு சேரும். எத்தனையாம் மாதத்தில் கடன் 30,000 ரூபாவைத் தாண்டும்? இதை வீட்டில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். முதலில் அவர்களிடம் ஒரு மதிப்புக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கணக்கைப் போடுங்கள். அட்டவணை வகுப்பில் இரண்டுதான் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. 1.05 இன் மடக்கையைப் போகும்போது கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.